சாவி குளிர்பெட்டியில் இருக்கிறது

ஒன்பதாம் மாடி. லிஃப்ட்டுக்குக் காசு போட வேண்டும்.
விளக்குகள், தாங்கிகள், தண்டவாளம் என்று
ஏழு நடை ஏற்றினோம்.
ஏழாவதில் சில்லறை தீர்ந்துவிட்டதென்று
மல்ஹாஸ் படியேறி வந்தான்,
தோளில் மின்கம்பிச் சுருள், வாயில் கெட்ட வார்த்தை.

திபிலிசியின் வடகோடியில்
ரொட்டிக்கடை ஸியாலாவின் வீடு.
ஒரு நாள் மட்டும் எங்களுடையது.
'சமையலறைத் திரைச்சீலையை மட்டும் கழற்றாதீர்கள்'
என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.
முதலில் கழற்றியது அதைத்தான்.

நான் ஒலிப்பிரிவு, மூன்றாமாண்டு.
ஒலிக்காரனை எவருக்கும் பிடிப்பதில்லை.
எல்லாம் கூடிவரும் நேரத்தில்
'பொறு, விமானம்' என்பவன் அவன்.
'பொறு, கீழே நாய்.'
'பொறு, உன் சட்டை பேசுகிறது.'

குளிர்பெட்டி முனகியது. அணைத்தேன்.
அணைத்த கையோடு கார்ச் சாவியை அதற்குள் வைத்தேன்,
வெண்ணெய்க்குப் பக்கத்தில்.
முதலாண்டிலேயே பழகிய தந்திரம்:
சாவியில்லாமல் கிளம்ப முடியாது,
சாவிக்காகத் திறந்தால் உள்ளே விளக்கு எரியாது,
அணைத்தது நினைவுக்கு வந்துவிடும்.

தெக்லேயின் பட்டயப் படம். பதினோரு நிமிடம்.
கணவன் மாதுளை உரிக்கிறான்,
மனைவி போகிறேன் என்கிறாள்.
அவ்வளவுதான்.
பதினான்கு முறை அவள் போகிறேன் என்றாள்.
பதினான்கு மாதுளை.
எட்டாவதில் எல்லாம் அமைந்தது, ஃபோகஸ் போயிற்று.
பன்னிரண்டில் ஃபோகஸ் நின்றது, ஓத்தியா தும்மினான்.
ஐந்து மணிக்கு வெளிச்சம்
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது.

கடைசியில் என் முறை.
'அறைக்கு முப்பது நொடி' என்றேன்.
ஆளில்லாத அறையின் ஓசை வேண்டும்,
அதை ஆள்கள் நின்றுதான் பிடிக்க வேண்டும்.
பதினோரு பேரும் இருந்தபடி உறைந்தோம்:
நுத்ஸா ஒப்பனைத் தூரிகையை உயர்த்தியபடி,
முழங்கைவரை சாறு வழிய ஓத்தியா,
சுருளை இறக்கி வைக்காமல் மல்ஹாஸ்,
தெக்லே ஜன்னலைப் பார்த்து.
'போதும்' என்றேன்.
அறை மறுபடி சந்தையாயிற்று.
திரைச்சீலையைத் தலைகீழாக மாட்டினோம்.
சாவியை எடுத்தேன். உள்ளே இருட்டு.
தந்திரம் பலித்தது,
வெண்ணெய் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரி நிலவறையில்
நான்காம் எண் தொகுப்பறையில்
வசனங்களுக்கு நடுவிலிருந்த ஓட்டைகளை
அந்த மௌனத்தால் அடைத்துக்கொண்டிருந்தேன்.
மௌனம் என்று பெயர்தான்.
குழாய்க்குள் நீர், சுவருக்கு அப்பால் தொலைக்காட்சி,
யாருடைய காசையோ விழுங்கும் லிஃப்ட்.
பத்தொன்பதாம் நொடியில்
ஒருவர் அழுதார்.

அழுகை என்றும் சொல்ல முடியாது.
உள்ளே போகும் மூச்சு வழியில் எதிலோ இடறுகிறது.
கால் நொடி.
திரையில் அது ஒரு கடுகு.

நுத்ஸாவுக்கு அன்று ஜலதோஷம்.
ஓத்தியா நடிகன், அழுதால் பார்க்கும்படி அழுவான்.
தெக்லேக்கு அழ நேரமில்லை.
திரும்ப ஓட்டினேன். திரும்பத் திரும்ப.
இருபதாவது தடவையோ என்னவோ,
வேறொன்று கேட்டது:
என் கால்சட்டைப் பையில்
அன்று முழுதும் கிலுங்கிக்கொண்டிருந்த சில்லறை.
ஏழாவது நடையின்போதும் அது இருந்தது.
மல்ஹாஸ் கேட்கவில்லை.
ஒன்பது மாடி ஏறுவதற்கு
எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான்,
எந்தப் படியில் நின்றான்,
யாருடைய குரலைத் தொலைபேசியில் கேட்டான்,
எதையும் நான் பதிவுசெய்யவில்லை.

கால் நொடியை வெட்டினேன்.
வெட்டத்தான் வேண்டும்,
அந்த வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும்தான்.
மதிப்பெண் தாளில் எழுதியிருந்தார்கள்:
ஒலி சுத்தம்.

மறுநாள் காப்பி இயந்திரத்தின் முன்
மல்ஹாஸ் பைகளைத் தடவிக்கொண்டு நின்றான்.
'சில்லறை இருக்கிறதா?'
இருந்ததையெல்லாம் கொடுத்தேன்.
'இவ்வளவு எதற்கு' என்றான்.
இயந்திரம் இரைய ஆரம்பித்தது.
அணைக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.